இறப்புப் பதிவேடும் காலநிலைத் திட்டமும்

2008-ஆம் ஆண்டு ஜூன் 30 அன்று இந்திய அரசு வெளியிட்ட காலநிலை மாற்றத்துக்கான தேசியச் செயல்திட்டத்தில் எட்டு இயக்கங்கள், அதாவது ஒவ்வொரு நோக்கத்துக்குமான தனித் திட்டங்கள், இடம்பெற்றன. சூரிய மின்சக்தி, எரிசக்தித் திறன், நீடித்த வாழ்விடம், நீர், இமயமலைச் சூழல், பசுமைப் பரப்பு, வேளாண்மை, காலநிலை குறித்த அறிவாக்கம் என்ற அந்த எட்டில் மக்களின் உடல்நலத்துக்கென ஓர் இயக்கம் இல்லை. ஆவணத்தின் பிற்பகுதியில், ஏனைய முயற்சிகள் என்ற வரிசையில், நோய்ச் சுமை கூடுவதை மதிப்பிட வேண்டும் என்றும் பொது சுகாதாரச் சேவைகளை விரிவாக்க வேண்டும் என்றும் சுருக்கமாகச் சொல்லியிருந்தார்கள். இத்தனைக்கும், 1992-இல் உருவான ஐ.நா. காலநிலை மாற்ற உடன்படிக்கையின் முதல் பிரிவே, காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகள் எவை என்று வரையறுக்கும்போது மனிதர்களின் உடல்நலத்தையும் நல்வாழ்வையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. நான்காம் பிரிவு, நாடுகள் எடுக்கும் நடவடிக்கைகள் பொது சுகாதாரத்துக்குக் கேடு விளைவிக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. உடன்படிக்கையில் முதலிலேயே வந்த ஒன்று, நாட்டின் திட்டத்தில் கடைசிப் பக்கங்களுக்குப் போய்விட்டது.

பிறகு நிலைமை ஓரளவு மாறியது. 2015 ஜனவரியில் பிரதமரின் காலநிலை மாற்றக் குழு, சுகாதாரத்துக்கும் ஓர் இயக்கம் வேண்டும் என்ற கருத்தை எடுத்துக்கொண்டது. 2019-இல் காலநிலை மாற்றமும் மனித ஆரோக்கியமும் என்ற தேசியத் திட்டம் ஒப்புதல் பெற்று, தில்லியிலுள்ள தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பொறுப்பில் நடக்கத் தொடங்கியது. மாநிலங்கள் தத்தமக்கான சுகாதாரச் செயல்திட்டத்தை எழுதின. மாநிலத்துக்கு ஒரு பொறுப்பு அலுவலர், மாவட்டத்துக்கு ஒரு பொறுப்பு அலுவலர் என்று நியமனங்களும் நடந்தன. இவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இது சுகாதாரத் துறை தனக்குத் தானே எழுதிக்கொண்ட திட்டம். தகவமைப்புத் திட்டமிடலை, அதாவது மாறும் காலநிலையின் பாதிப்புகளைத் தாங்கும்படி நம்மை மாற்றிக்கொள்வதற்கான திட்டமிடலை, முன்னின்று நடத்துவது சுற்றுச்சூழல் அமைச்சகம். வெள்ளத் தடுப்பு, நீர் வழங்கல், வீட்டுவசதி, தொழிலாளர் நலன் ஆகியவற்றில் முடிவெடுப்பவை வேறு வேறு துறைகள். அந்த முடிவுகளை எடுக்கும் மேசையில் சுகாதார அலுவலருக்கு இடம் இருக்கிறதா, அவர் கொண்டுவரும் எண்களைப் பார்த்து முடிவு மாறுகிறதா என்ற கேள்விக்கு இன்னும் தெளிவான பதில் இல்லை. பொது சுகாதாரத்தைத் தேசியத் தகவமைப்புத் திட்டத்தில் சேர்ப்பது என்றால் திட்டத்தில் ஓர் அத்தியாயத்தைக் கூட்டுவது என்றே பலரும் பொருள்கொள்கிறார்கள். எத்தனை பேர் இறக்கிறார்கள், எத்தனை பேர் நோயுறுகிறார்கள் என்ற கணக்கே மற்ற எல்லா அத்தியாயங்களுக்கும் அளவுகோலாக வேண்டும் என்பதே என் கருத்து.

இந்தக் கருத்து எனக்கு ஏன் வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவன் அல்லன். ஓர் உள்ளாட்சி அலுவலகத்தின் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் பணி செய்து ஓய்வு பெற்றவன். இறப்புப் பதிவை ஒரு சான்றிதழ் வேலையாகத்தான் எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் பார்த்தோம். வாரிசுச் சான்றுக்கும் வங்கிக் கணக்குக்கும் காப்பீட்டுத் தொகைக்கும் அது தேவை. அதற்கு மேல் அந்தப் பதிவேட்டைத் திறந்து படிக்க யாரும் வந்ததில்லை. கத்திரி வெயில் நாட்களில் வரிசை நீள்வது கண்ணுக்குத் தெரியும். ஆனால் இறப்புக்கான காரணம் என்ற இடத்தில் வெயில் என்ற சொல் ஏறக்குறைய எப்போதும் இருக்காது. மாரடைப்பு, மூச்சுத்திணறல், சிறுநீரகச் செயலிழப்பு, முதுமை என்றுதான் இருக்கும். மருத்துவச் சான்றுப் படிவத்தில் இதயமும் மூச்சும் நின்றன என்று எழுதக்கூடாது, அந்நிலைக்குக் கொண்டுபோன அடிப்படை நோயை எழுத வேண்டும் என்று தெளிவான அறிவுரை உண்டு. இருந்தும் அப்படி எழுதப்பட்ட படிவங்கள் வந்துகொண்டே இருந்தன. வீட்டில் நேரும் இறப்புகள் பலவற்றுக்கு மருத்துவச் சான்றே இல்லை. நாடு முழுவதற்கும் 2020-ஆம் ஆண்டுக் கணக்கைப் பார்த்தால், பதிவான இறப்புகளில் மருத்துவச் சான்றுடன் காரணம் குறிக்கப்பட்டவை 22.5 விழுக்காடு மட்டுமே.

வெப்பத்தால் இறப்பவர்களின் எண்ணிக்கை என்று செய்தித்தாள்களில் வரும் எண்கள் இதனால்தான் எனக்கு நம்பிக்கை தருவதில்லை. 2024 கோடையில், மார்ச் 1 முதல் ஜூன் 18 வரை நாடெங்கும் 40,000-க்கும் மேற்பட்டோருக்கு வெப்பத்தாக்கு ஏற்பட்டிருக்கலாம் என்றும் அவர்களில் 110 பேர் இறந்தது உறுதியானது என்றும் மத்திய சுகாதார அமைச்சகத்தின் கணக்கு சொன்னது. இது வெயிலில் சுருண்டு விழுந்து, மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டு, உடல் வெப்பம் அளக்கப்பட்டு, வெப்பத்தாக்கு என்று எழுதப்பட்டவர்களின் எண்ணிக்கை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் காவல் நிலையப் பதிவுகளிலிருந்து வேறொரு கணக்கைத் தருகிறது. வானிலைத் துறையின் ஆண்டறிக்கை இன்னொன்றைத் தருகிறது. அவை ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. ஏற்கெனவே இதய நோயோடும் நீரிழிவோடும் இருந்த முதியவர், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, இரவிலும் தணியாத வெப்பத்தில் மூன்றாம் நாள் இறந்துபோனால், அவர் இவற்றில் எந்தக் கணக்கிலும் வரமாட்டார். வெப்பத்தால் இறப்பவர்களில் இப்படிப்பட்டவர்களே மிகுதி.

இந்தச் சிக்கலுக்கு ஒரு வழியை அகமதாபாத் நகரம் காட்டியது. 2010 மே மாதத்தில் அந்த நகரில் வெப்பம் 46.8 பாகை செல்சியசைத் தொட்டது. அதன்பின் காந்திநகரிலுள்ள இந்தியப் பொது சுகாதாரக் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், திலீப் மாவலங்கர் முதலானோர், வெளிநாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஓர் எளிய கணக்கைப் போட்டார்கள். காரணம் எதுவாக எழுதப்பட்டிருந்தாலும் சரி, அந்த மாதத்தில் மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள், அதற்கு முந்தைய ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் அதே மாதத்தில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதே கேள்வி. 2010 மே மாதத்தில் 4,462 பேர் இறந்திருந்தார்கள். மற்ற இரண்டு ஆண்டுகளின் சராசரி 3,118. வேறுபாடு 1,344 பேர், அதாவது வழக்கத்தைவிட 43 விழுக்காடு கூடுதல். ஒரே நகரில், ஒரே மாதத்தில் இவ்வளவு பேர் கூடுதலாக இறந்தது, பதிவேட்டைப் படித்த பிறகே முழு அளவில் தெரியவந்தது. பதிவுப் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் அந்த ஆய்வுக் கட்டுரையைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட உணர்வை மறைக்க விரும்பவில்லை. நாங்கள் கட்டிக் கட்டி அடுக்கிவைத்த தாள்களில் இப்படி ஒரு செய்தி இருந்திருக்கக்கூடும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

அந்தக் கணக்கிலிருந்தே 2013-இல் அகமதாபாத்தின் வெப்பச் செயல்திட்டம் பிறந்தது. தெற்காசிய நகரங்களில் அது முதலாவது என்று சொல்லப்படுகிறது. எத்தனை பாகையில் எந்த நிறத்தில் எச்சரிக்கை விடுவது என்பதை அவர்கள் வேறெங்கிருந்தோ எடுத்துக்கொள்ளவில்லை. அந்நகரில் வெப்பம் எந்த அளவைத் தாண்டும்போது இறப்புகள் ஏறத் தொடங்குகின்றன என்று பார்த்து நிர்ணயித்தார்கள். எச்சரிக்கையை வெளியிடும் பொறுப்பை மாநகராட்சியின் சுகாதாரத் துறையிடமே கொடுத்தார்கள். 108 ஆம்புலன்சுகளில் பனிக்கட்டிப் பைகள், மருத்துவர்களுக்குப் பயிற்சி, நண்பகலில் மூடப்பட்டிருந்த பூங்காக்களைத் திறந்துவைத்தல், குடிநீர் வழங்கும் இடங்கள் என்று எல்லாம் மலிவான, உடனே செய்யக்கூடிய வேலைகள். 2014, 2015 ஆகிய இரண்டு ஆண்டுகளின் இறப்புகளைத் திட்டத்துக்கு முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்ட ஓர் ஆய்வு, ஆண்டுக்குச் சராசரியாக 1,190 இறப்புகள் தவிர்க்கப்பட்டன என்று மதிப்பிட்டது. அது மதிப்பீடுதான், அந்த ஆண்டுகளில் மாறிய வேறு காரணிகளும் அதில் கலந்திருக்கும். எனினும், போட்ட திட்டம் பயன் தந்ததா என்று அதே பதிவேட்டைக் கொண்டே திரும்பிப் பார்க்க முடிந்தது. நம் நாட்டின் பெரும்பாலான தகவமைப்புத் திட்டங்கள் எத்தனை கிலோமீட்டர் வடிகால், எத்தனை இலட்சம் மரக்கன்று என்று செலவழித்ததன் கணக்கைத்தான் காட்டுகின்றன. அவற்றால் யார் உயிர் பிழைத்தார்கள் என்ற கணக்கு அவற்றில் வருவதில்லை.

அகமதாபாத்தில் நடந்த இன்னொன்று என் மனத்தில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. அங்கு ஏழைகள் மிகுதியாக வரும் ஒரு நகராட்சி மருத்துவமனையில், 2010 வெப்ப அலையின்போது, பிறந்த குழந்தைகள் காய்ச்சல்போல உடல் சூடேறித் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்துகொண்டிருந்தன. பிரசவ வார்டு கட்டடத்தின் மேல்மாடியில், நேரடியாகக் கூரைக்குக் கீழே இருந்தது. வார்டைக் கீழ்த்தளத்துக்கு மாற்றியபின் அத்தகைய சேர்க்கைகள் வெகுவாகக் குறைந்தன. புதிய இயந்திரம் எதுவும் வாங்கப்படவில்லை. எந்தக் குழந்தை, எந்த வார்டிலிருந்து, எந்த நாளில் வந்தது என்ற குறிப்பு இருந்ததாலும், அதை ஒருவர் வெப்பநிலையோடு ஒட்டிப் பார்த்ததாலும் விடை கிடைத்தது.

இந்த முன்மாதிரியைப் பின்பற்றி நாடெங்கும் செயல்திட்டங்கள் எழுதப்பட்டன. ஆனால் பின்பற்றப்பட்டது பெரும்பாலும் வடிவம் மட்டுமே. தில்லியிலுள்ள சென்டர் ஃபார் பாலிசி ரிசர்ச் என்ற ஆய்வு நிறுவனம் 2023-இல் 37 வெப்பச் செயல்திட்டங்களைப் படித்துப் பார்த்தது. அவற்றில் பத்தில் மட்டுமே அந்தந்த ஊருக்கென வெப்ப வரம்பை நிர்ணயித்ததற்கான அறிகுறி இருந்தது. பாதிப்புக்கு உள்ளாகக்கூடியவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள் என்று முறையாக மதிப்பிட்டவை இரண்டே. பணம் எங்கிருந்து வரும் என்று பேசியவை பதினொன்று. வரம்பை ஊருக்கு ஊர் நிர்ணயிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாட்டின் கடலோரம் நன்றாகவே காட்டுகிறது.

இந்திய வானிலைத் துறையின் விதிப்படி, கடலோர இடத்தில் வெப்ப அலை என்று அறிவிக்க, அதிகபட்ச வெப்பநிலை 37 பாகையாவது இருக்க வேண்டும், இயல்பைவிட 4.5 பாகையாவது கூடியிருக்க வேண்டும். சமவெளிக்கு அந்த அளவு 40 பாகை. இந்த விதி காற்றின் வெப்பத்தை மட்டும் பார்க்கிறது. உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்வது வியர்வை ஆவியாவதால்தான். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழியுமே தவிர ஆவியாகாது. அப்போது உடம்பு, வெப்பத்தை வெளியே தள்ளுவதற்காக இரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. நீரிழப்பால் இரத்தத்தின் அளவு குறைய, சிறுநீரகத்துக்குப் போக வேண்டிய பங்கு குறைகிறது. 35 பாகையிலேயே இவை எல்லாம் நடக்கலாம். நாகப்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ புழுக்கத்தில் வேலை செய்பவர் ஒருவர் எந்த எச்சரிக்கையும் அறிவிக்கப்படாத நாளில் மயங்கி விழுவது இதனால்தான். 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் விமானப் படையின் சாகச நிகழ்ச்சியைக் காணப் பல இலட்சம் பேர் கூடினார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். கூட்டமும் குடிநீர் கிடைக்காமையும் வெயிலோடு சேர்ந்துகொண்டன. அன்று விதிப்படி வெப்ப அலை ஏதும் இல்லை, அது கோடை மாதமும் அல்ல. அதே மாதத்தின் இறுதியில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர்களின் குடும்பத்துக்கு மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து 4 இலட்சம் ரூபாய் வழங்க அதனால் வழி பிறந்தது. நல்ல அறிவிப்பு. ஆனால் நிவாரணம் பெற, அந்த இறப்பு வெப்பத்தால் நேர்ந்தது என்று நிறுவ வேண்டும். மேலே நான் சொன்ன படிவங்கள் மாறாத வரையில், உரிய குடும்பங்களில் பெரும்பாலானவை அந்த வாசலை எட்டவே முடியாது.

உப்பளங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் ஆகிய இடங்களில் உப்பளத் தொழில், மழை நின்ற பின் தொடங்கி வெயில் ஏற ஏற மும்முரமாகும். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபாலும் அவர் குழுவினரும் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். ஏறத்தாழ 90 விழுக்காட்டினர், பரிந்துரைக்கப்பட்ட வெப்ப வரம்புக்கு மேலான நிலையில் உழைத்துக்கொண்டிருந்தார்கள். 7 விழுக்காட்டினரின் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. பக்கத்தில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் வேலை முடியும்வரை தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவது உப்பளங்களில் எல்லோரும் அறிந்த செய்தி. தண்ணீர் குடியுங்கள் என்ற அறிவுரை எல்லா வெப்பச் செயல்திட்டங்களிலும் முதல் வரியாக இருக்கிறது. அதைப் பின்பற்ற இயலாதபடி செய்வது கழிப்பறை இல்லாமை. ஓர் உப்பளத்தில் கழிப்பறை கட்டுவது சிறுநீரகத்தைக் காக்கும் தகவமைப்பு நடவடிக்கை என்று எந்தத் துறையின் திட்டத்திலாவது எழுதியிருக்கிறதா என்று நான் தேடிப் பார்த்திருக்கிறேன். என் கண்ணில் படவில்லை. சுகாதாரத் துறைக்கு உப்பளத்தில் கழிப்பறை கட்ட அதிகாரம் இல்லை. தொழிலாளர் துறைக்குச் சிறுநீரகப் பரிசோதனை முடிவுகள் போய்ச் சேருவதில்லை. உப்பளத் தொழிலாளர்களுக்கு வேலையற்ற மழைக்கால மாதங்களுக்காக மாநில அரசு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்குகிறது. வெயில் உச்சத்தில் இருக்கும் நண்பகலில் வேலையை நிறுத்திவைத்தால் இழக்கும் கூலிக்கு அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. கூலி போய்விடும் என்ற அச்சம் இருக்கும்போது ஓய்வெடுங்கள் என்று சொல்வதில் பயன் இல்லை.

வித்யா வேணுகோபாலின் அதே குழுவினர் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து, 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். வெப்பமான இடங்களில் வேலை செய்தவர்களில் 5 விழுக்காட்டினருக்குக் கருச்சிதைவு நேர்ந்தது. வெப்பம் குறைந்த இடங்களில் வேலை செய்தவர்களில் அது 2 விழுக்காடு. வெப்பத்தில் உழைத்த பெண்கள் வயலிலும் செங்கல் சூளையிலும் உப்பளத்திலும் வேலை செய்பவர்கள். கர்ப்பிணிகளின் பெயரைப் பதிவு செய்து, மாதந்தோறும் பார்த்து, இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் கிராம சுகாதாரச் செவிலியர் நம் மாநிலத்தில் ஊர்தோறும் இருக்கிறார். அவர் நிரப்பும் பதிவில் இந்தப் பெண் எங்கே வேலை செய்கிறார், எத்தனை மணி நேரம் வெயிலில் இருக்கிறார் என்ற இரண்டு கேள்விகளைச் சேர்த்தால், எந்த வட்டாரத்தில் எத்தனை கர்ப்பிணிகள் ஆபத்தில் இருக்கிறார்கள் என்ற பட்டியல் கோடை தொடங்குமுன் கையில் இருக்கும்.

வெப்பத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால், பொது சுகாதாரம் காலநிலைத் திட்டத்தில் இல்லாமற்போவதன் இன்னொரு விளைவு விடுபட்டுவிடும். ஒரு துறை நல்லெண்ணத்தோடு செய்யும் தகவமைப்பு வேலையே நோய்க்கு இடம் கொடுத்துவிடலாம். நீரைச் சேமிப்பதை எடுத்துக்கொள்வோம். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, குழாயில் நீர் வருவது அரிதானபோது, மக்கள் குடங்களிலும் பிளாஸ்டிக் டிரம்களிலும் தொட்டிகளிலும் நாட்கணக்கில் நீரைச் சேர்த்து வைத்தார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது இத்தகைய தெளிந்த, தேங்கிய நீரில்தான். மழைக்குப் பின்தான் டெங்கு வரும் என்ற பொதுவான எண்ணத்துக்கு மாறாக, வறட்சியிலும் அது வருவதற்கு நீரை வீட்டில் தேக்கிவைக்கும் கட்டாயமே காரணம். நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபென்சி கொசு கிணறுகளிலும் மாடித் தொட்டிகளிலும் வளர்வது. சென்னைக்கு நெடுங்காலமாக இருந்துவந்த மலேரியாத் தொல்லைக்கு அதுவே காரணம். 2003-இல் தமிழ்நாடு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதைப் பெருமையோடு குறிப்பிடுகிறோம். அது சரியான நடவடிக்கைதான். ஆனால் தொட்டிக்கு இறுக்கமான மூடி, வலை, ஆய்வுக்கு ஏறிப் பார்க்க வழி ஆகியவை கட்டட வரைபடத்திலேயே இருக்க வேண்டும் என்று பூச்சியியல் வல்லுநர் ஒருவர் சொல்லும் இடத்தில் திட்டம் உருவாகியிருந்தால், பின்னால் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வீடு வீடாக ஏறி இறங்கும் வேலை குறைந்திருக்கும்.

இலங்கையின் அனுபவம் இதை வேறொரு கோணத்திலிருந்து காட்டுகிறது. அந்நாட்டின் 2016 முதல் 2025 வரையிலான தேசியத் தகவமைப்புத் திட்டத்தில், உணவு, நீர், கரையோரம், குடியிருப்பு முதலிய ஒன்பது துறைகளுள் சுகாதாரமும் ஒன்று. நோய்க் கண்காணிப்பிலும் இலங்கை நம்மைவிடப் பல படிகள் முன்னால் நிற்கிறது. 1926-இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் வழியாக, சுகாதார வைத்திய அதிகாரியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் ஒவ்வொரு பகுதியிலும் இருக்கிறார்கள்; தொற்றுநோயியல் பிரிவு வாரந்தோறும் அறிக்கை வெளியிடுகிறது. இவ்வளவு இருந்தும் 2017-இல் அந்நாட்டில் 1,86,101 பேருக்கு டெங்கு கண்டது. 440 பேர் இறந்தார்கள். டெங்கு வைரசின் இரண்டாம் வகை மேலோங்கியது ஒரு காரணம். மே மாதத்து வெள்ளம் இன்னொன்று. ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து, அதன்பின் கொழும்பில் குப்பை அகற்றுவது தடைப்பட்டு, தெருக்களில் நீர் தேங்கும் பொருட்கள் குவிந்ததும் அதனோடு சேர்ந்தது. திட்டத்தில் சுகாதார அத்தியாயம் இருந்தது, நோய்க் கணக்கும் வாரந்தோறும் வந்தது. ஆனால் குப்பையையும் வடிகாலையும் நிர்வகிப்பவர்களின் முடிவுகளை அந்தக் கணக்கு உரிய நேரத்தில் மாற்றவில்லை என்றே நான் இதைப் படிக்கிறேன்.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு தனி வாய்ப்பு இருக்கிறது என்று நம்புகிறேன். பெரும்பாலான இந்திய மாநிலங்களில் மருத்துவச் சிகிச்சையும் நோய்த்தடுப்பும் ஒரே இயக்ககத்துக்குள் இருக்க, மருத்துவமனைகளே பணத்தையும் கவனத்தையும் எடுத்துக்கொள்கின்றன. தமிழ்நாட்டில் பொது சுகாதாரத்துக்கெனத் தனி இயக்ககமும், தனிப் பணியாளர் வரிசையும், தனி நிதியும், 1939-ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டமும் உண்டு. அந்தச் சட்டம் சுகாதார அலுவலருக்குத் தண்ணீர், வடிகால், குடியிருப்பு, உணவு ஆகியவற்றில் நுழைந்து பார்க்கவும் உத்தரவிடவும் அதிகாரம் தருகிறது. 2004 சுனாமிக்குப் பின், இலட்சக்கணக்கானோர் முகாம்களில் நெருக்கியடித்துத் தங்கியிருந்தபோதும், பெரிய கொள்ளைநோய் எதுவும் இங்கே பரவவில்லை. குடிநீரில் குளோரின் அளவை ஒவ்வொரு முகாமிலும் சோதித்தவர்கள், தட்டம்மை ஊசி போட்டவர்கள், நோய்க் குறிகளை அன்றன்றே எழுதி அனுப்பியவர்கள் இந்த இயக்ககத்தின் பணியாளர்களே. காலநிலைத் தகவமைப்பு என்ற பெயரில் அன்று யாரும் அதைச் செய்யவில்லை. ஆனால் தகவமைப்பு நடைமுறையில் எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் அந்த வாரங்களைத்தான் சுட்டிக்காட்டுவேன். அத்தகைய பணியிடங்களை நிரப்பாமல் விட்டுவிட்டு, வெப்பத்துக்கும் வெள்ளத்துக்கும் புதிய இயக்கங்களை அறிவிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இன்னொரு வசதியும் இங்கு உண்டு. தமிழ்நாட்டில் பொது சுகாதார இயக்குநரே பிறப்பு இறப்புப் பதிவின் தலைமைப் பதிவாளராகவும் இருக்கிறார். இறப்புகளை எண்ணும் அதிகாரமும் நோயைத் தடுக்கும் அதிகாரமும் ஒரே அலுவலகத்தில் இருக்கின்றன. 2023-இல் திருத்தப்பட்ட பதிவுச் சட்டம், எல்லா மருத்துவ நிறுவனங்களும் இறப்பின் காரணத்தைச் சான்றளித்துப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும் என்றும், அதன் நகலை நெருங்கிய உறவினருக்குத் தர வேண்டும் என்றும் சொல்கிறது. இனி வேண்டியது வேகம். இறப்பைப் பதிய 21 நாள் அவகாசம் இருப்பதால், பதிவேட்டை மட்டும் நம்பினால் மே மாதத்தின் செய்தி ஜூனில்தான் தெரியும். அதற்கும் வழி இருக்கிறது. நகரங்களில் மயானப் பதிவேடு அன்றன்றே எழுதப்படுகிறது. எரியூட்டவோ புதைக்கவோ கொண்டுவரப்பட்டவரின் வயது, பாலினம், முகவரி ஆகியவை அதில் இருக்கும். காரணம் இருக்காது, ஆனால் அகமதாபாத் செய்த கணக்குக்குக் காரணம் தேவையில்லை, எண்ணிக்கை போதும். கிராமங்களில் ஓர் இறப்பு நிகழ்ந்த அன்றே கிராம நிர்வாக அலுவலருக்கும் சுகாதாரச் செவிலியருக்கும் தெரிந்துவிடும்.

தூத்துக்குடி, இராமநாதபுரம், நாகப்பட்டினம், கடலூர் ஆகிய நான்கு கடலோர மாவட்டங்களில் இதைத் தொடங்கலாம். கடந்த பத்தாண்டு இறப்புகளை நாள்வாரியாகப் பிரித்து, அந்தந்த நாளின் வெப்பநிலை, காற்றின் ஈரப்பதம், இரவு வெப்பம் ஆகியவற்றோடு ஒட்டிவைத்து, எந்த அளவில் இறப்புகள் ஏறுகின்றன என்று பார்ப்பது முதல் வேலை. தாள்கள் ஏற்கெனவே அலுவலகங்களில் இருக்கின்றன, பெரும்பகுதி கணினியிலும் ஏறிவிட்டது. பிறகு, ஒவ்வொரு நாளின் எண்ணிக்கையும் மறுநாள் காலை பத்து மணிக்குள் மாவட்ட ஆட்சியருக்கும், மாவட்டத்தின் பொது சுகாதார அலுவலருக்கும், சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்துக்கும் போய்ச் சேர வேண்டும். எண்ணிக்கை வரம்பைத் தாண்டும் நாளில் உப்பளங்களிலும் நூறு நாள் வேலைத் தளங்களிலும் செங்கல் சூளைகளிலும் பகல் பதினொன்று முதல் நான்கு மணிவரை வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரமும், அந்த நேரத்துக் கூலிக்கான பணமும் ஆட்சியரிடம் முன்கூட்டியே இருக்க வேண்டும். தேசியத் தகவமைப்புத் திட்டத்தை எழுதுபவர்களுக்கு நான் அனுப்பியிருக்கும் கடிதத்தில் இதைத்தான் கேட்டிருக்கிறேன். அதனோடு மயானப் பதிவேட்டின் ஒரு வெற்றுப் படிவத்தையும் இணைத்திருக்கிறேன்.